பிழையில்லாத கடிதங்கள்

ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல்லுக்குப் பின்னால் இந்தப் பிரிபொசிஷன்தான் வர வேண்டும் என்பதற்கு நியாயம் எதுவும் கிடையாது. ‘டிபெண்ட்’ என்றால் ‘ஆன்’. ‘அப்ஸ்டெய்ன்’ என்றால் ‘ஃப்ரம்’. ஏன் என்று கேட்டால் எங்கள் இங்கிலீஷ் டீச்சர் மேஜைமேல் கிடக்கும் அடிஸ்கேலைப் பார்ப்பார். கேட்டவளும் அதைப் பார்ப்பாள். அத்தோடு சந்தேகம் தீர்ந்துவிடும். தென்காசியில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் இதையெல்லாம் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்ய வைத்தார்கள். மேலகரத்திலிருந்து தென்காசிக்கு நடக்கிற நடை முழுக்க நான் அதைச் சொல்லிக்கொண்டே போவேன். எதிரே சைக்கிளில் வருகிறவர்கள், பிள்ளை ஏதோ சுலோகம் சொல்லுகிறது என்று நினைத்து மரியாதையாக ஒதுங்கிப் போவார்கள்.

எனக்குத் தப்பு என்பது ஆகவே ஆகாது. பிறவிக் குணம். கோலத்தில் ஒரு புள்ளி விலகினால் முழுக் கோலத்தையும் தண்ணீர் ஊற்றி அழித்துவிடுவேன். தலை பின்னும்போது வகிடு கோணினால் அம்மாவின் கையைத் தட்டிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுவேன். “இவளக் கெட்டிக்கிட்டுப் போறவன் பாடு திண்டாட்டந்தான்” என்பாள் அம்மா. அப்படிப்பட்ட எனக்கு, காரணமே இல்லாமல் சரியாகவும் தப்பாகவும் ஆகிற இந்தச் சின்னச் சொற்கள் பெரிய வாதையாக இருந்தன. கணக்கில் தப்பு வந்தால் எங்கே வந்தது என்று தேடிப் பிடித்துவிடலாம். இதில் தேட இடமே இல்லை. தெரிந்தால் தெரியும், இல்லாவிட்டால் இல்லை.

எங்கள் வீடு மேலகரத்தில், குற்றாலம் போகிற சாலைக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தது. ஆனி பிறந்து சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் அது எங்கள் வீடு இல்லை. முன்கூடத்தையும் இரண்டு அறைகளையும் குளிக்க வருகிற வெளியூர்க்காரர்களுக்கு விட்டுவிட்டு, நாங்கள் பாய் தலையணையோடு பின்கட்டுக்குப் போய்விடுவோம். அந்தப் பக்கத்தில் பாதி வீடுகள் அப்படித்தான். அப்பாவுக்குத் தென்காசியில் காய்கறிக் கடை. ஆவணி கடைசிவரை அவர் தன் வீட்டு முன்வாசல் வழியாக நுழையமாட்டார். சந்து வழியாகப் பின்னால் வந்து, மாட்டுத்தொழுவத்துக்குப் பக்கத்தில் செருப்பைக் கழற்றுவார்.

செங்கோட்டை திருவிதாங்கூரிலிருந்து பிரிந்து நம்முடைய பக்கம் சேர்ந்ததற்கு அடுத்த சீசனில் திருவனந்தபுரத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அந்த அம்மாளுக்குத் தீராத தலைவலி. நாற்பது நாள் விடாமல் அருவியில் குளிக்க வேண்டும் என்று வைத்தியர் சொல்லியிருந்தாராம். துணைக்கு ஒரே மகள். என் வயது, என் வகுப்பு. அம்மாவுக்காக அவள் நாற்பது நாள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வந்திருந்தாள். அவளுடைய அப்பாவுக்கு அங்கே சர்க்கார் ஆபீசில் பெரிய உத்தியோகம். சனிக்கிழமை ரயிலில் வந்து ஞாயிற்றுக்கிழமை திரும்பிவிடுவார். அவரை அவள் அச்சன் என்பாள். நான் சார் என்பேன்.

அவள் மலையாளம் பேசினாள், நான் தமிழ் பேசினேன். இரண்டு நாள் கையைக் காலை ஆட்டிப் பேசினோம். மூன்றாம் நாள் எந்தச் சொல் யாருடையது என்று எங்களுக்கே தெரியவில்லை. விடியற்காலையில் அவள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பேரருவிக்குப் போவோம். பெண்கள் பக்கத்தில் இடம் பிடித்து, அந்த அம்மாளை நடுவில் நிறுத்தி இரண்டு பக்கமும் நாங்கள் பிடித்துக்கொள்வோம். திரும்பி வருகிற வழியில் மங்குஸ்தான் பழம் வாங்கி உடைத்துத் தின்போம். கறை படிந்த விரலை அவள் என் பாவாடையில் துடைப்பாள். சாரல் நேரத்தில் துணி காயாது. நெருப்புக் கங்குச் சட்டியின்மேல் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் ஈரத் துணியைப் போட்டுவிட்டு, அது தீய்ந்துவிடாமல் பார்க்கிறோம் என்ற பேரில் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்போம். என்ன பேசினோம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பேச்சு முடியவே இல்லை, அவ்வளவுதான் தெரியும்.

“ஏட்டி, துணி காய்ஞ்சு ஒரு மணி நேரமாச்சு. இன்னும் அங்கன என்ன காவல்?” என்று அம்மா உள்ளேயிருந்து சத்தம் போடுவாள்.

நாற்பது நாள் முடிந்து அவர்கள் புறப்பட்டபோது கடிதம் எழுத வேண்டும் என்று பேசிக்கொண்டோம். அப்போதுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது. அவளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. எனக்கு மலையாள எழுத்து தெரியாது. பேச இரண்டு மொழி இருந்தது, எழுத ஒன்றுகூட இல்லை. மிச்சம் இருந்தது பள்ளிக்கூடத்து இங்கிலீஷ். அவள் “சரி, அதில எழுது” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு வண்டியில் ஏறிவிட்டாள்.

முதல் கடிதத்தை நான் ஒரே மூச்சில் எழுதிப் போட்டேன். மனதில் இருந்ததை எல்லாம் கொட்டியிருந்தேன். பதினைந்து நாள் கழித்து அவளுடைய பதில் வந்தது. அதோடு என்னுடைய கடிதமும் திரும்பி வந்திருந்தது. சார் சிவப்புப் பென்சிலால் அதைத் திருத்தி, ஓரத்தில் அழகான கையெழுத்தில், நல்ல முயற்சி, பிரிபொசிஷனில் மட்டும் கவனம் தேவை என்று எழுதியிருந்தார். அவர் அன்பாகத்தான் செய்தார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் “நீ இல்லாமல் முன் அறைக்குள் போகவே பிடிக்கவில்லை” என்று நான் எழுதியிருந்த வரியின் குறுக்கே இரண்டு சிவப்புக் கோடுகள் கிடந்தன. அதைப் பார்த்தபோது யாரோ பொது இடத்தில் என் தாவணியைப் பிடித்து இழுத்தது போல இருந்தது. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன்.

பிறகு நான் ஒரு காரியம் செய்தேன். ஒரு நோட்டில், எனக்குச் சந்தேகமே இல்லாமல் தெரிந்த வினைச்சொற்களை மட்டும் பிரிபொசிஷனோடு எழுதி வைத்தேன். முதலில் நாற்பது தேறியது. பரீட்சைக்குப் பரீட்சை கூடியது. இனிமேல் கடிதத்தில் இந்த நோட்டுக்கு வெளியே ஒரு வார்த்தை எழுதுவதில்லை என்று முடிவு கட்டினேன். வீட்டில் என்ன நடந்தாலும் அதைச் சொல்ல நோட்டில் வழி இருந்தால்தான் அவளுக்குச் செய்தி போகும். இல்லாவிட்டால் அது நடக்காத மாதிரிதான்.

அந்தத் தை மாதம் எங்கள் கன்றுக்குட்டி செத்துப்போனது. அவளுக்கு அதன்மேல் உயிர். ‘டை’ என்றால் பின்னால் ‘ஆஃப்’ வருமா, ‘ஃப்ரம்’ வருமா? இரண்டும் எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. நோட்டில் இல்லை. அதனால் எங்கள் கன்று கடிதத்தில் சாகவே இல்லை. அடுத்த சீசனில் அவள் வந்து இறங்கினதும் நேரே தொழுவத்துக்கு ஓடினாள். கையில், திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் தேடி வாங்கின சின்ன வெண்கல மணி.

“எங்கட்டி என் குட்டி?”

நான் சொன்னேன்.

“எப்போ?”

“தையில.”

“பிறகு நாலு கடிதம் போட்டியே. அதிலெல்லாம் என்ன எழுதினே?”

மாமரம் பூத்திருப்பதையும், பரீட்சைக்குத் தயார் செய்வதையும், கடவுளை வேண்டிக்கொள்வதையும் எழுதியிருந்தேன். அவள் மணியை என் கையில் திணித்துவிட்டு அழுதாள். பிறகு என்னை முதுகில் ஒரு அடி அடித்தாள். சாயங்காலத்துக்குள் சமாதானமாகிவிட்டோம். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

வராததற்குக் காரணம் உண்டு. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சார் என் கடிதங்களைப் புகழ ஆரம்பித்திருந்தார். சனிக்கிழமை வந்தால் காப்பி குடித்துக்கொண்டே ஒரு வினைச்சொல்லை என் பக்கம் தூக்கிப் போடுவார். “இன்சிஸ்ட்?” என்பார். “ஆன்” என்பேன். “சக்சீட்?” “இன்.” நான் ஒன்றுகூடத் தவறவிட்டதில்லை. “ஒரு வருஷத்தில் ஒரு பிழை இல்லை! மேலகரத்தில் உட்கார்ந்துகொண்டு இந்தப் பிள்ளை எழுதுகிற இங்கிலீஷைப் பார்” என்று மகளிடம் சொல்லுவார். என் கடிதம் வந்தால் முதலில் அவர்தான் பிரித்துப் படிப்பாராம், பிறகுதான் அவளுக்குக் கொடுப்பாராம். பிழையே வர முடியாதபடி வேலி போட்டு எழுதுகிறேன் என்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தலை கனத்துப்போயிருந்தது.

அவளுடைய கடிதங்கள் வேறு தினுசு. அடித்தல், திருத்தல், மேலே ஒரு சொல், ஓரத்தில் ஒரு படம், பாதியில் மை தீர்ந்து பென்சில். அவள் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் நன்றாகச் சொல்லிக்கொடுத்தார்கள், ஆனாலும் பிரிபொசிஷனைப் பற்றி அவளுக்குக் கவலையே கிடையாது. வாயில் வந்ததை வைப்பாள். ஆனால் அவள் கடிதத்தைப் படித்தால் அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும். பொறாமையாக இருக்கும் எனக்கு. பொறாமையோடு அதை நாலு தடவை படிப்பேன்.

ஆவணியில் அவர்கள் போன பிறகு நாங்கள் முன்பக்கத்துக்குத் திரும்புவோம். அந்த அறையில் நான்தான் படுப்பேன். முதல் ஒரு வாரம் அவர்களுடைய தேங்காயெண்ணெய் வாசனை சுவரில் இருக்கும். பிறகு அதுவும் போய்விடும். அது போகிற அன்றைக்குச் சுவரில் மூக்கை வைத்து மோந்து பார்ப்பேன். பத்து மாதம் இருக்கிறதே என்று விரல் விட்டு எண்ணுவேன். பேருந்தில் யாராவது மலையாளம் பேசினால் அவர்கள் இறங்குகிறவரை கேட்டுக்கொண்டிருப்பேன். நீ இல்லாமல் எனக்கு முடியவில்லை என்று அவளுக்குச் சொல்ல வேண்டும். ‘மிஸ்’ என்றொரு சொல் தெரியும். அதற்குப் பின்னால் எதுவும் வராது என்பது எனக்குத் தெரியாது. ஏதோ ஒன்று வரும், அது எது என்றுதான் எனக்குத் தெரியவில்லை என்று நினைத்து அந்தச் சொல்லையே விட்டுவிட்டேன்.

இப்படி நாலு சீசன் போனது. நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறி, ஆசிரியப் பயிற்சிக்குச் சேரக் காத்திருந்தேன். அவள் திருவனந்தபுரத்தில் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். பி.ஏ. படித்து முடிக்க வேண்டும் என்பது அவளுடைய பெரிய ஆசை. நாற்பது நாள், நாற்பது நாளாகப் படிப்பை விட்டுக்கொடுத்தவள் அல்லவா, அதனால் அந்த ஆசை இன்னும் பெரிதாக இருந்தது.

மாசி மாதத்தில் ஒரு கடிதம் வந்தது. நாலு பக்கம். அவளுக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். கல்கத்தாவில் வளர்ந்தவர், அஸ்ஸாமில் தேயிலைத் தோட்டத்தில் வேலை. மாமா அவசரப்படுத்துகிறார், அச்சன் இரண்டு மனதாக இருக்கிறார் என்று எழுதியிருந்தாள். “படிப்பு முடியட்டும் என்று நான் சொன்னால் பிடிவாதம் என்கிறார்கள். நீ எழுது. உன் கடிதத்தை அச்சன்தான் முதலில் படிப்பார். உன்மேல் அவருக்கு அவ்வளவு மதிப்பு. கல்யாணத்தைத் தள்ளிப்போடலாம், இவள் படிக்கட்டும் என்று நீ ஒரு வார்த்தை எழுதினால் அவர் யோசிப்பார். அஸ்ஸாமுக்குப் போனால் நான் எப்படி சீசனுக்கு வருவேன்? சீக்கிரம் எழுது” என்று அவளுடைய இங்கிலீஷில் எழுதியிருந்தாள்.

படித்து முடித்தபோது என் கண்ணில் தண்ணீர் நின்றது. கையில் பென்சிலும் இருந்தது. அவள் எழுதியிருந்த பிரிபொசிஷன்களில் மூன்றைச் சுழித்து வைத்திருந்தேன். எப்போது பென்சிலை எடுத்தேன் என்றே எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அதை நினைத்தால் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

உடனே உட்கார்ந்து எழுதினேன். அவள் எழுதுகிற மாதிரியே, வேலியெல்லாம் தாண்டி, வாயில் வந்த இங்கிலீஷில் எழுதினேன். இவளைப் படிக்க விடுங்கள் சார், இவள் எங்களைவிட்டுப் போகவே கூடாது என்று எழுதினேன். மூன்று பக்கம் வந்தது. பிறகு திரும்பப் படித்தேன். சந்தேகம் வந்த இடத்தில் எல்லாம் அடிக்கோடு போட்டேன். பதினேழு இடம். சிவப்புப் பென்சில் ஞாபகம் வந்தது. காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடியை எடுத்து மாட்டுகிற சாருடைய முகம் ஞாபகம் வந்தது. நாலு வருஷத்துப் பெயர் இந்த ஒரு கடிதத்தில் போய்விடும். இப்படித் தப்பும் தவறுமாக எழுதுகிறவள் சொல்லி அவர் கேட்கவா போகிறார் என்று எனக்கு நானே ஒரு நியாயமும் கற்பித்துக்கொண்டேன்.

டீச்சரிடம் காட்டித் திருத்தலாம் என்றால் இது வெளியே காட்டுகிற விஷயமா? வீட்டில் இங்கிலீஷ் தெரிந்தவர்கள் கிடையாது. அதனால் நானே வெட்ட ஆரம்பித்தேன். முதல் நாள் சந்தேகமான ஐந்து வாக்கியங்களை எடுத்தேன். அடுத்த நாள் நாலு. எடுத்த இடத்தில் நோட்டிலிருந்து ஒரு நல்ல வாக்கியத்தை வைத்தேன். அம்மா அடுக்களையில் இருந்து எட்டிப் பார்த்தாள்.

“ஒரு வாரமா ஒரே கடுதாசியவா எழுதுதே?”

“சரியா எழுதணும்லா.”

“என்னத்த சரியா? மனசுல உள்ளத எழுதிப் போடுவியா, மாவரைச்சுக்கிட்டு இருக்கியே.”

ஒன்பதாம் நாள் கடிதம் தயாரானது. அரைப் பக்கம். உன் கடிதம் கண்டு மகிழ்ச்சி. பெரியவர்களின் விருப்பத்தோடு ஒத்துப்போகிறேன். உன் திருமணத்துக்கு வாழ்த்துகிறேன். உன் நல்வாழ்வுக்காகக் கடவுளை வேண்டுகிறேன். நீ வாழ்க்கையில் வெற்றி பெறுவாய் என்று நம்புகிறேன். எல்லாம் நோட்டில் இருந்தவை. ஒவ்வொன்றும் இரும்பு மாதிரி நிச்சயம். இதை எழுதுகிறபோது அவள் கேட்டது என்ன என்பது எனக்கு மறந்துபோய்விட்டது என்று சொல்ல ஆசைதான். மறக்கவில்லை. அடுத்த கடிதத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். தென்காசிக்கு நடந்துபோய்த் தபாலாபீஸ் பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பியபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவளிடமிருந்து ஒரு கார்டு வந்தது. இரண்டே வரி. அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை. “உன் கடிதத்தில் ஒரு பிழையும் இல்லை. அச்சன் எல்லாரையும் கூப்பிட்டு உட்கார வைத்து உரக்கப் படித்தார்.”

அதற்குப் பின்னால் கல்யாணப் பத்திரிகை வந்தது. அவ்வளவு தூரம் பெண்பிள்ளையை அனுப்ப முடியாது என்று அப்பா சொல்லிவிட்டார். நான் வற்புறுத்தவில்லை. எந்த முகத்தோடு போவேன்?

அந்த வருஷமும் ஆனி பிறந்தது. சாரல் விழுந்தது. நாங்கள் பின்கட்டுக்குப் போனோம். சுரண்டையிலிருந்து ஒரு கடைக்காரர் குடும்பம் வந்து முன்பக்கத்தில் தங்கியது. நல்ல மனிதர்கள். எனக்கு அவர்களைக் கண்டாலே பிடிக்கவில்லை. அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் அந்த அறையில் ஓடியாடினால் போய் அதட்டலாம் போல இருக்கும். சாயங்காலம் கங்குச் சட்டியின்மேல் கூடையைக் கவிழ்த்துத் துணியைப் போட்டுவிட்டு அம்மா என்னைப் பார்க்கச் சொன்னாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்பாவின் வேட்டி ஒன்று தீய்ந்துபோனது. அம்மா திட்டவில்லை.

அஸ்ஸாம் முகவரி என்னிடம் இல்லை. திருவனந்தபுரத்துக்கு இரண்டு கடிதம் போட்டேன். பதில் வரவில்லை. நான் பயிற்சி முடித்துத் தென்காசியிலேயே வேலைக்குச் சேர்ந்தேன். என்ன பாடம் எடுத்திருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? இங்கிலீஷ்தான். ‘டிபெண்ட் ஆன், அப்ஸ்டெய்ன் ஃப்ரம்’ என்று நாற்பது பிள்ளைகள் என் முன்னால் கத்தினார்கள். ஒரு பிள்ளை எழுந்து ஏன் டீச்சர் என்று கேட்டால் எனக்குக் கோபம் வருவதில்லை. எனக்கும் தெரியாது என்று சொல்லி உட்கார வைப்பேன்.

ஆறு வருஷம் கழித்து, ஒரு ஆடி ஞாயிற்றுக்கிழமை, எங்கள் தெருவில் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. அவள் இறங்கினாள். உடம்பு கொஞ்சம் பூசியிருந்தது. தலையைத் தூக்கிக் கொண்டை போட்டிருந்தாள். காருக்குள் இருந்தவரிடம் ஏதோ சொன்னாள். கார் அவரைக் குற்றாலத்தில் இறக்கக் கிளம்பியது. முன்பக்கத்தில் அந்த வருஷம் யாரோ மதுரைக்காரர்கள் இருந்தார்கள். அவள் அந்தப் பக்கம் பார்க்காமல், சந்து வழியாக, பழகின கால் போல நேரே பின்னால் வந்தாள்.

“அவர் குளிச்சிட்டு வர ஒரு மணிக்கூர் ஆகும்” என்றாள். “ஊருக்கு வந்தேன். இன்னைக்கு ரயிலேறி நாளைக்கு மெட்ராஸ் போய் அங்கனயிருந்து திரும்பணும். இங்க இறங்காம போகமாட்டேன்னு சண்டை போட்டு வந்தேன்.”

எங்கள் வீட்டில் கற்ற பேச்சு அவளிடம் அப்படியே இருந்தது. அம்மா அவள் கையைப் பிடித்து அழுதாள். காப்பி போட உள்ளே போனாள். நாங்கள் இரண்டு பேரும் தொழுவத்துப் பக்கம் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரம் பிள்ளைகள், மாமியார், அங்கே பெய்கிற மழை என்று பேசினாள். பிறகு நிறுத்தினாள்.

“ஒன்று கேக்கட்டுமா? எந்தினா, எதுக்கு அப்படி எழுதினே?”

எதை என்று நான் கேட்கவில்லை.

“உன் கடிதம் வரட்டும்னு அச்சன் காத்துக்கிட்டு இருந்தார், தெரியுமா? மாமாகிட்ட நாள் கேட்டு வாங்கியிருந்தார். அந்தப் பிள்ளை என்ன சொல்லுதுன்னு பாப்போம்னார். கடிதம் வந்த அன்னைக்குச் சாயங்காலம்தான் சம்மதம்னு தந்தி அடிச்சார்.”

“எனக்கு அது மட்டுந்தான் தப்பில்லாம எழுதத் தெரிஞ்சுது” என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். கோபம் இருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் முகத்தில் கோபம் இல்லை.

“தப்பா எழுதியிருக்கலாமே. நான் எழுதலையா?”

நான் தரையில் கிடந்த வைக்கோலை எடுத்துக் கிள்ளினேன்.

“இல்லேன்னா தமிழ்ல எழுதியிருக்கலாமே, பொண்ணே. எங்க அடுத்த வீடே தமிழ்க்காரங்கதான். அந்த மாமி வாசிச்சுச் சொல்லியிருப்பாங்க. அச்சனும் கேட்டிருப்பார்.”

சத்தியமாகச் சொல்லுகிறேன், அது எனக்குத் தோன்றவே இல்லை. அந்த ஒன்பது நாளில் ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. கடிதம் என்றால் இங்கிலீஷ் என்று பதினாலு வயதில் முடிவு கட்டினது, கட்டினபடியே கிடந்தது. தமிழில் எழுதியிருந்தால் பத்து நிமிஷத்தில் எழுதியிருப்பேன். திரும்பப் படித்துக்கூடப் பார்த்திருக்கமாட்டேன்.

“இனிமே தமிழ்ல எழுதுதேன்” என்றேன்.

“இனிமேயா? தோட்டத்தில நேபாளிங்களும் வங்காளிகளும். தமிழ் வாசிக்க அங்கன யாரு இருக்கா?” என்றாள். சொல்லிவிட்டு என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். “படிப்பு போச்சு. அதுகூடப் பரவாயில்லை. உனக்கு நான் போறது ஒன்றுமே இல்லைன்னு நினைச்சேன் கேட்டியா. அதுதான் ஆறு வருஷம் எழுதலை.”

அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. அழுதது ஞாபகம் இருக்கிறது. அம்மா கொண்டுவந்து வைத்த காப்பி ஆறிப்போய் ஆடை படிந்தது ஞாபகம் இருக்கிறது. ஒரு மணி நேரம் என்பது இவ்வளவுதானா என்று தோன்றியது. தெருவில் கார் ஹாரன் அடித்தது.

அவர் தலை ஈரத்தோடு காரின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். மரியாதையான மனிதர். அழகான இங்கிலீஷ் கடிதம் எழுதுகிற சிநேகிதி நீங்கள்தானா என்று இங்கிலீஷில் கேட்டார். மாமனார் இன்னும் உங்களைப் பற்றிப் பேசுகிறார் என்றார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று கடிகாரத்தைக் காட்டினார். அவள் ஏறி உட்கார்ந்தாள். கதவு சாத்தப்பட்டது. கண்ணாடி இறங்கியிருந்தது. டிரைவர் வண்டியைக் கிளப்பினார்.

நான் கண்ணாடி விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன்.

“போவாதட்டி” என்றேன்.

தெருவில் நாலு பேர் திரும்பிப் பார்க்கிற சத்தத்தில் சொல்லியிருக்கிறேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கல்கத்தாவில் வளர்ந்த அவருக்கு எங்கள் ஊர்ப் பேச்சு விளங்கவில்லை. என்ன சொல்லுகிறார்கள் என்று அவளிடம் கேட்டார். அவள் முன்பக்கம் பார்த்தபடி இங்கிலீஷில் சொன்னாள்: “பத்திரமாகப் போய்வரச் சொல்லுகிறாள்.”

அவர் சிரித்த முகத்தோடு எனக்கு நன்றி சொன்னார். நானும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டேன்.